கதவு திறந்தது, கைகள் வரவில்லை

அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட வரி, செலவினச் சட்டத்தைப் பற்றி உலகெங்கும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. அச்சட்டத்துக்குள் இருந்த ஒரு சிறு பிரிவு மட்டும் பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் குறைந்தபட்சம் எத்தனை செவிலியர்களும் உதவியாளர்களும் பணியில் இருக்க வேண்டும் என்று முந்தைய அரசு 2024இல் ஒரு விதியை வகுத்தது. அவ்விதியை 2034 செப்டம்பர் 30 வரை நடைமுறைப்படுத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே டெக்சாஸ் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அதே விதியின் முதன்மையான கூறுகளை ரத்து செய்திருந்தது. கரோனா பெருந்தொற்றில் பராமரிப்பு இல்லங்கள் பட்ட பாட்டிலிருந்து அந்நாடு கற்றுக்கொண்டதாகச் சொல்லப்பட்ட பாடங்களில் மிக முக்கியமானது, இவ்வாறு ஓசையின்றிக் கிடப்பில் போடப்பட்டது.

'நர்சிங் ஹோம்' என்றதும் நம் நினைவுக்கு வருவது தெருமுனையிலுள்ள சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அச்சொல்லின் பொருள் வேறு. தாமாக எழவோ, உண்ணவோ, குளிக்கவோ இயலாத முதியவர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் கவனிப்பில், பெரும்பாலும் தம் இறுதி நாள் வரை வாழும் இடம் அது. ஏறத்தாழ 15,000 இல்லங்கள் அங்கு உள்ளன. பெருந்தொற்று தொடங்கியபோது அவற்றில் சுமார் 13 லட்சம் பேர் வசித்தனர். அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேர் மறதிநோய்க்கு ஆளானவர்கள். பத்தில் ஏழு இல்லங்கள் லாப நோக்கில் நடப்பவை. வசிப்போரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் கட்டணத்தைச் செலுத்துவது ஏழைகளுக்கான அரசு காப்பீட்டுத் திட்டமாகிய மெடிகெய்டு.

நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வசித்தோரும் பணியாற்றியோருமாக 2 லட்சத்துக்கும் அதிகமானோர் 2022 தொடக்கத்துக்குள் கரோனாவுக்குப் பலியாயினர். இந்த எண்ணைப் பற்றிய விசாரணைகளும் வழக்குகளும் அரசியல் சண்டைகளும் ஏராளம். நியூயார்க் மாநிலத்தில் இல்லவாசிகளின் இறப்புகள் குறைத்துக் காட்டப்பட்டன என்று அம்மாநிலத்தின் தலைமை வழக்குரைஞரே 2021 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டார். அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால், இறந்தவர்களின் கணக்கில் ஆழ்ந்துபோனதில், இறவாமல் அந்த அறைகளுக்குள் ஓராண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. இந்த விவாதத்தைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில்தான் பணியாளர் விதியின் முழுப் பொருளும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில், எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகருக்கு அருகிலுள்ள கிர்க்லாண்டில் 2020 பிப்ரவரி இறுதியில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குள் கரோனா புகுந்தது. மார்ச் 18ஆம் தேதிக்குள் அந்த ஓர் இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களுள் 101 பேர் அங்கு வசித்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். தொற்றிய இல்லவாசிகளில் மூவரில் ஒருவர் இறந்தார். தடுப்பூசி இல்லை, போதிய பரிசோதனைக் கருவிகள் இல்லை, முகக்கவசத்துக்கே தட்டுப்பாடு. அந்த நிலையில் கூட்டாட்சி அரசின் மெடிகேர், மெடிகெய்டு சேவை மையம் மார்ச் 13 அன்று நாடு முழுவதும் உள்ள இல்லங்களுக்கு ஒரு வழிகாட்டுதலை அனுப்பியது. மரணத் தறுவாயில் இருப்பவர்களைக் காண வருவோர் போன்ற சிலரைத் தவிர வேறு எவரும் உள்ளே வரக் கூடாது. பொது உணவுக்கூடத்தில் சேர்ந்து உண்பதும் எல்லாக் குழு நிகழ்ச்சிகளும் நிறுத்தப்பட வேண்டும். அந்த வாரத்தில் அதைத் தவிர வேறு முடிவை எந்தப் பொறுப்புள்ள அரசும் எடுத்திருக்க முடியாது.

சில வாரங்களுக்கு என்று எண்ணி எடுத்த முடிவு அது. அது ஓராண்டு நீடித்ததுதான் சிக்கல். நிபந்தனைகளோடு கூடிய தளர்வு 2020 செப்டம்பர் 17 அன்று அறிவிக்கப்பட்டது. அதன்படி, இல்லத்தில் யாரேனும் ஒருவருக்கு, அவர் பணியாளராகவே இருந்தாலும், புதிதாகத் தொற்று வந்தால் 14 நாள்களுக்குக் கதவு மூடப்படும். மாவட்டத்தில் பரிசோதனை செய்துகொள்வோரில் 10 சதவீதத்துக்கு மேல் தொற்று இருந்தால் உள்ளரங்கச் சந்திப்பு கிடையாது. குளிர்கால அலை வந்ததும் பெரும்பாலான இடங்களில் இந்தத் தளர்வு ஏட்டளவில் நின்றுவிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியவர் விரும்பினால் தம் பிள்ளையைத் தொடலாம் என்று அரசு சொன்னது 2021 மார்ச் 10 அன்று. எல்லோரும் எப்போதும் வரலாம் என்று சொன்னது அதே ஆண்டு நவம்பர் 12 அன்று.

ஓராண்டு என்பது நமக்கு ஓராண்டு. இந்த இல்லங்களில் வசிப்போருக்கு அது வேறு அளவு. பராமரிப்பு இல்லங்களில் இறந்தவர்களைப் பற்றி 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, அவர்களில் சரிபாதிப் பேர் இல்லத்தில் சேர்ந்து 5 மாதங்களுக்குள் இறந்துவிட்டதாகக் கண்டது. அப்படியானால், அந்தக் கட்டுப்பாடு பலருக்கு வாழ்வின் ஓர் இடைவேளையாக இருக்கவில்லை. எஞ்சியிருந்த வாழ்வு முழுவதுமே அதுவாக இருந்தது. 'இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று எண்பத்தாறு வயதுக்காரரிடம் சொல்வதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. அந்தப் பிழையைத் திட்டம் வகுத்தவர்கள் கவனிக்கவில்லை.

அந்த ஓராண்டில் உள்ளே என்ன நடந்தது என்பதற்குக் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து தெளிவான சான்று இருக்கிறது. அமெரிக்க இல்லங்கள் ஒவ்வொருவரின் உடல், மனநிலையையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் மதிப்பிட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வின்படி, பெருந்தொற்றுக் காலத்தில் இல்லவாசிகளிடையே மனச்சோர்வு அறிகுறிகள் 15 சதவீதம் கூடின. எதிர்பாராத அளவுக்கு உடல் எடை இழந்தவர்களின் பங்கு 150 சதவீதம், அதாவது இரண்டரை மடங்காக உயர்ந்தது. சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாட்டை இழந்தோர் பெருகினர். நினைவும் அறிவாற்றலும் சரிந்தன. இதில் நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: எடை இழப்பு கரோனா தொற்றியவர்களிடம் மிகுதியாக இருந்தாலும், தொற்றே வராதவர்களும் மெலிந்தார்கள். கிருமி தீண்டாத உடல்களும் கரைந்தன.

ஏன்? 'தனிமையால் ஏற்பட்ட துயரம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். மறதிநோய் முற்றிய ஒருவருக்கு உணவு ஊட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பதை, அதைச் செய்தவர்கள் அறிவார்கள். எதிரே தட்டை வைத்துவிட்டுப் போனால் அவர் அது உணவு என்றே அறியமாட்டார். ஒரு வாய் கொடுத்து, மென்று விழுங்கும்வரை காத்திருந்து, வாயைத் துடைத்து, பேச்சுக்கொடுத்து, அடுத்த வாய்க்கு மனத்தைத் திருப்ப வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். காலையில் பத்துப் பேரைக் கவனிக்கும் உதவியாளரால் பத்து முக்கால் மணி நேரங்களைத் தர இயலாது. அந்த முக்கால் மணி நேரத்தைத் தந்துகொண்டிருந்தவர்கள் நண்பகலில் வந்துபோன மனைவி, கணவர், மகள்கள். தலை வாரினார்கள், நகம் வெட்டினார்கள், கண்ணாடியைத் துடைத்தார்கள், காதொலிக் கருவியின் பேட்டரியை மாற்றினார்கள், நடக்கக் கைகொடுத்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் 'பார்வையாளர்' என்ற பத்தியில் இருந்தது. உண்மையில் அவர்கள் சம்பளம் வாங்காத பணியாளர்கள்.

2020 மார்ச் மாதம் இந்தப் பணியாளர்கள் அனைவரும் ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். அவர்கள் செய்த வேலைக்கு மாற்றாக வந்தது கைக்கணினி வழியே காணொலி அழைப்பு. மறதிநோய் உள்ள முதியவருக்குத் திரையில் தெரியும் முகம் தன் மகளுடையது என்று விளங்காது. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று கையசைக்கும் மகன் ஏன் உள்ளே வர மறுக்கிறான் என்றும் விளங்காது. தன்னை விட்டுவிட்டார்கள் என்பது மட்டுமே விளங்கும்.

மொழியும் இதில் சேர்ந்துகொண்டது. மறதிநோயில் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் உதிர்ந்து, பிறந்து வளர்ந்த மொழி மட்டும் எஞ்சி நிற்பது பரவலாகக் காணப்படுவது. ஸ்பானிஷோ சீனமோ தமிழோ பேசி வளர்ந்து, நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் அலுவல் பார்த்த ஒருவர், கடைசியில் தண்ணீர் வேண்டும் என்பதைத் தாய்மொழியில்தான் கேட்பார். அதைப் புரிந்துகொள்ளும் ஒரே ஆள் மாலையில் வந்துபோகும் பிள்ளையாக இருந்தால், கதவடைப்பின்போது அந்த முதியவர் ஊமையாக்கப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். கடல் கடந்து குடியேறிய நம்மவர்களில் முதல் தலைமுறை முதுமையை அடைந்துவிட்ட காலம் இது. ஆகவே இது நமக்கும் அயலார் கதையன்று.

குடும்பத்தினர் செய்துவந்த இன்னொரு வேலை, சாட்சியாக இருப்பது. அதை அவர்கள் நிறுத்தியபோது என்ன ஆகும் என்பதைக் கனடா காட்டியது. ஆள் பற்றாக்குறையால் தத்தளித்த இல்லங்களுக்கு உதவ ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் ராணுவம் அழைக்கப்பட்டது. தமிழர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோ வட்டாரத்தில் ஐந்து இல்லங்களுக்குள் சென்ற வீரர்கள் தாங்கள் கண்டதை எழுதினார்கள். 2020 மே 26 அன்று வெளியிடப்பட்ட அவ்வறிக்கையில் கரப்பான் பூச்சிகள் இருந்தன. வாரக்கணக்கில் குளிப்பாட்டப்படாதவர்கள் இருந்தார்கள். உதவி கேட்டுக் கூப்பிட்டும் நெடுநேரம் யாரும் வராமல் கிடந்தவர்கள் இருந்தார்கள். பெருந்தொற்றின் முதல் அலையில் கனடாவின் கரோனா இறப்புகளில் ஐந்தில் நான்கு நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களோடு தொடர்புடையவை. மகள்கள் உள்ளே சென்றுகொண்டிருந்தால் இவற்றைக் கண்டுபிடிக்க ராணுவம் தேவைப்பட்டிருக்காது. அமெரிக்காவிலோ, இல்லவாசிகளின் குறைகளைக் கேட்பதற்கென்றே சட்டப்படி அமைந்த குறைதீர்ப்பாளர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அரசு ஆய்வாளர்களின் வழக்கமான சோதனைகளும் தொற்றுக் கட்டுப்பாட்டோடு சுருக்கப்பட்டன.

சரி, இத்தனை விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பாவது கிடைத்ததா? கதவடைத்த பிறகும் இல்லங்களுக்குள் கரோனா சென்றுகொண்டே இருந்தது. பார்க்க வருவோர் எவரும் இல்லாத 2020 - 21 குளிர்காலத்தில் இறப்புகள் உச்சம் தொட்டன. கிருமி வேறு வழியில் வந்தது. அந்த வழி கிர்க்லாண்டிலேயே தெரிந்திருந்தது. அங்கு தொற்று பரவியதற்கான காரணங்களாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் 2020 மார்ச்சிலேயே பட்டியலிட்டவற்றுள் இரண்டு: அறிகுறிகளோடு வேலைக்கு வந்த பணியாளர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்த பணியாளர்கள். செவிலியர் உதவியாளரின் ஊதியத்தில் ஒரு வேலையை மட்டும் நம்பி வாழ இயலாததால் பலர் இரண்டு இல்லங்களில் வேலை பார்க்கிறார்கள். சம்பளத்தோடு நோய் விடுப்பு இல்லாததால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் குறைசொல்வது அறமாகாது. வீட்டு வாடகைக்காக வந்தவர்கள் அவர்கள்.

பெருந்தொற்றுக்கு முன்பே நிலைமை அப்படித்தான் இருந்தது. 2017, 2018ஆம் ஆண்டுகளின் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து 2021 மார்ச்சில் வெளியான ஆய்வின்படி, அமெரிக்க இல்லங்களில் செவிலியப் பணியாளர்கள் விலகிப் புதியவர் வரும் விகிதம் ஆண்டுக்குச் சராசரியாக 128 சதவீதம். ஓர் இல்லத்தில் நூறு பணியிடங்கள் இருந்தால் ஓராண்டில் நூற்று இருபத்தெட்டு பேர் விலகிச் செல்கிறார்கள் என்று பொருள். ஆடை மாற்றவும் அந்தரங்கம் கழுவவும் வரும் கை ஒவ்வொரு மாதமும் வேறு யாருடையதோவாக இருக்கும் வாழ்க்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அந்நியக் கைகளுக்கு இடையில் மாறாமல் வந்துகொண்டிருந்த ஒரே முகத்தைத்தான் தொற்றுக் கட்டுப்பாடு என்ற பெயரில் வெளியே நிறுத்தினோம்.

மாற்று வழி இல்லையா என்ற கேள்விக்கு நெதர்லாந்து விரைவில் விடை தேடியது. அங்கும் 2020 மார்ச் 20 முதல் நாடு தழுவிய சந்திப்புத் தடை இருந்தது. ஆனால், ஏழு வாரங்கள் கழித்து, மே 11 அன்று, 26 இல்லங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட ஓர் உறவினர் மட்டும் வரலாம் என்று திறந்துவிட்டு, என்ன நிகழ்கிறது என்று ஆய்வாளர்கள் உடனிருந்து கவனித்தார்கள். வந்தவர்கள் விதிகளைப் பெரும்பாலும் கடைப்பிடித்தார்கள். அந்தத் தொடக்க வாரங்களில் சந்திப்பால் விளைந்த புதிய தொற்று எதுவும் காணப்படவில்லை. முதியவர்களின் முகம் மலர்ந்ததைப் பணியாளர்களே பதிவு செய்தார்கள். ஊருக்குள் தொற்று தணிந்திருந்த நேரம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த எச்சரிக்கையோடு பார்த்தாலும் அணுகுமுறையின் வேறுபாடு தெளிவு. தடையையும் ஒரு மருந்தைப் போல் கருதி, அதன் பக்கவிளைவுகளை அளந்து, அளவைக் குறைத்துப் பார்த்தார்கள்.

அமெரிக்க அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. முன்னே சொன்ன 2020 செப்டம்பர் வழிகாட்டுதலில் 'கருணைச் சந்திப்பு' என்பது மரணத் தறுவாயை மட்டும் குறிக்காது என்று எழுதி, எடுத்துக்காட்டுகளையும் கொடுத்தார்கள். முன்பு குடும்பத்தாரின் தூண்டுதலால் உண்டு, குடித்துவந்தவர் இப்போது எடை இழந்தோ நீர்ச்சத்துக் குறைந்தோ போனால் அவரைக் காண அனுமதிக்கலாம். முன்பு பேசிப் பழகியவர் இப்போது பேச்சைக் குறைத்து அடிக்கடி அழுதால் அனுமதிக்கலாம். ஆறு மாதத்தில் என்னவெல்லாம் நடந்திருந்தது என்பதற்கு அந்த எடுத்துக்காட்டுகளைவிட வெளிப்படையான ஒப்புதல் வேறு வேண்டியதில்லை. ஆனால், யார் போதிய அளவு மெலிந்திருக்கிறார், யார் போதிய அளவு அழுகிறார் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு இல்ல நிர்வாகத்திடம் விடப்பட்டது. அனுமதித்துத் தொற்று வந்தால் பழி நிர்வாகி மீது விழும். மறுத்து முதியவர் வாடினால், அது முதுமையின் இயல்பு என்று கடந்துபோகும். நிர்வாகிகள் கொடியவர்கள் அல்லர். எந்தத் தவறுக்குத் தண்டனை உண்டோ அந்தத் தவறைத் தவிர்த்தார்கள், அவ்வளவே.

பாதுகாப்பு என்ற சொல்லின் பேரால் முதியவர்களுக்கு இழைக்கப்பட்டவற்றுக்கு அங்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் நாற்காலியிலோ கட்டிலிலோ பட்டையால் கட்டிப்போடப்பட்டிருந்தார்கள். விழுந்துவிடாமல் காக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். கட்டுவதால் விழுந்து பெருங்காயம் அடைவது குறையவில்லை என்பதும், தசைகள் சுருங்கிப் படுக்கைப்புண் வந்ததும் பிறகு தெரிந்தன. 1987இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் அதற்கு முடிவுகட்டத் தொடங்கியது. அச்சட்டம் ஒவ்வோர் இல்லமும் அங்கு வசிப்பவரின் வாழ்க்கைத் தரத்தைப் பேணவும் உயர்த்தவும் வேண்டும் என்றது. உறவினரைச் சந்திப்பதை உரிமையாக்கியது. காலப்போக்கில் கட்டிப்போடுவது மிக அரிதாகிவிட்டது. ஒரு தலைமுறைக் காலம் நின்ற அந்தச் சட்டத்தின் உரிமையை 2020இல் ஒரு துறையின் சுற்றறிக்கை நிறுத்திவைத்தது. பட்டைகளுக்குப் பதில் பூட்டிய அறைகள் வந்தன.

பின்னர் மாற்றங்கள் வந்தன. 2021 நவம்பர் 2 அன்று டெக்சாஸ் வாக்காளர்கள், இல்லவாசி தேர்ந்தெடுக்கும் 'இன்றியமையாத பராமரிப்பாளர்' ஒருவரை நேரில் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்ற உரிமையை மாநில அரசமைப்பிலேயே சேர்த்தார்கள். நியூயார்க், ஃபுளோரிடா உள்ளிட்ட வேறு மாநிலங்களும் சட்டம் இயற்றின. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல் சந்திப்பு உரிமை பராமரிப்பு இல்லங்களுக்கான ஒழுங்குவிதிகளில் இடம்பெற்றது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், இந்த உரிமைகளை மட்டும் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஏனெனில் இவை வந்து செல்ல ஒரு மகளோ மகனோ இருப்பவர்களுக்கான உரிமைகள். யாருமே இல்லாதவர், பிள்ளைகள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர், இரண்டு வேலை பார்க்கும் மகளை உடையவர் ஆகியோருக்குத் திறந்த கதவால் பெரிய பயன் இல்லை. அவர்களுக்கு வேண்டியவை சம்பளம் வாங்கும் கைகள், போதிய எண்ணிக்கையில்.

இந்த இடத்தில்தான் கிடப்பில் போடப்பட்ட விதி வருகிறது. அது கேட்டது ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரக் கவனிப்பு. அதில் பதிவுபெற்ற செவிலியரின் பங்கு 33 நிமிடங்கள். உதவியாளரின் பங்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. குளியல், உடை, மூன்று வேளை உணவு, கழிப்பறை, படுக்கையில் புரட்டிவிடுதல் எல்லாம் அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். தாராளம் என்று யாரும் சொல்ல முடியாத அளவு அது. பத்து ஆண்டுகளில் 4,300 கோடி டாலர் செலவாகும் என்று அரசே மதிப்பிட்டது. இல்ல உரிமையாளர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. செவிலியர் கிடைக்காத கிராமப்புறங்களில் இல்லங்களை மூட நேரிடும் என்றது. கிராமப்புறங்களைப் பற்றிய அந்த வாதத்தில் உண்மை உண்டு. அதற்கு விடை கிராமங்களுக்குக் கூடுதல் அவகாசமும் மெடிகெய்டு கட்டண உயர்வும். விதியில் கால அவகாசமும் விலக்குகளும் இருக்கவும் செய்தன. அவற்றைத் திருத்தி மேம்படுத்தாமல், முழு விதியையும் ஒன்பது ஆண்டுகளுக்கு முடக்கி, அதில் மிச்சமாகும் பணத்தைச் செலவினக் குறைப்புக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

கட்டடங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு ஒன்று, ஓர் அறையிலும் குளியலறையிலும் அதிகம் பேர் நெருக்கப்பட்ட இல்லங்களில் கரோனா இறப்பு விகிதம் 2.7 சதவீதமாகவும், நெருக்கம் குறைந்த இல்லங்களில் 1.3 சதவீதமாகவும் இருந்ததைக் காட்டியது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ நகரில் 2003இல் தொடங்கிய 'கிரீன் ஹவுஸ்' என்னும் வகை இல்லங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே வசிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனி அறை உண்டு. நடுவில் ஒரு பொது அடுப்பும் உணவு மேசையும் இருக்கும். அதே சில பணியாளர்கள்தாம் எல்லா வேலையும் செய்வார்கள். பெருந்தொற்றில் அங்கு தொற்றும் இறப்பும் வழக்கமான இல்லங்களைவிடக் குறைவாக இருந்தன. அந்த வடிவத்தை உருவாக்கியவர்கள் தொற்றுநோயை எண்ணி அதை அமைக்கவில்லை. மனிதர்கள் வீட்டில் வாழ்வதைப் போல வாழட்டும் என்றுதான் அமைத்தார்கள். வாழ்க்கைத் தரமும் உயிர்ப் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை, ஒன்றைக் கொடுத்தே மற்றதைப் பெற முடியும் என்று 2020இல் சொல்லப்பட்ட வாதத்தை இந்தச் சிறிய இல்லங்கள் மறுக்கின்றன. இரண்டையும் கெடுப்பவை ஒன்றேதான்: நெருக்கடியான அறையும் போதாத ஆளும்.

தேசிய அறிவியல் கழகங்கள் 2022 ஏப்ரலில் வெளியிட்ட பெரிய அறிக்கையும் இதையே விரிவாகச் சொன்னது. பராமரிப்பு இல்லங்களுக்குப் பணம் வரும் முறை, கவனிப்பு தரப்படும் முறை, கண்காணிக்கும் முறை ஆகிய மூன்றுமே பழுதாகிவிட்டன என்பது அதன் முடிவு. தனி அறைகளையும் இருபத்துநான்கு மணி நேரச் செவிலியரையும் அது பரிந்துரைத்தது.

இத்தனை அறிக்கைகளிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று, முடிவெடுக்கும் நேரத்தில் இல்லவாசிகளின் விருப்பத்தைக் கேட்டதற்கான பதிவு. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறதிநோய் இல்லை. செய்தித்தாள் படிப்பவர்கள், வாக்களிப்பவர்கள், தம் வாழ்நாளில் போரையும் வேலையிழப்பையும் துணையின் சாவையும் கண்டு ஆபத்தை எடைபோடப் பழகியவர்கள் அவர்கள். தொற்றும் அபாயத்தோடு மகனைப் பார்ப்பதா, பாதுகாப்பாகத் தனித்திருப்பதா என்று அவர்களிடம் கேட்டிருந்தால் எல்லோரும் ஒரே விடையைத் தந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் அச்சமும் கணக்கில் வந்திருக்கும், பேச்சுவார்த்தை தேவைப்பட்டிருக்கும். அதற்கான ஓர் ஏற்பாட்டை 1987ஆம் ஆண்டுச் சட்டமே செய்திருந்தது. ஒவ்வோர் இல்லத்திலும் வசிப்பவர்கள் தங்களுக்குள் குழு அமைத்துக் கூடலாம். இல்லத்தின் நடைமுறைகளைப் பற்றி அவர்கள் சொல்வதை நிர்வாகம் கேட்டுப் பதிலளிக்க வேண்டும். 2020இல் அரசு தற்காலிகமாக விலக்கிவைத்த விதிகளின் பட்டியலில் இந்தக் குழுக்கள் நேரில் கூடும் உரிமையும் இருந்தது. உறவினர்களுக்கான தடை முழுவதுமாக நீங்கி ஆறு மாதம் ஆன பிறகு, 2022 மே மாதத்தில்தான் அந்த விலக்கு முடிவுக்கு வந்தது.